என் பெயர் இல்லாத பட்டியல்

போன மாதம் இங்கே அமெரிக்காவில் எங்கள் ஊர்க் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, சிப் கம்பெனியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அங்கிள், நீங்க அந்தக் காலத்துல எக்ஸ்போர்ட் கன்ட்ரோல்ல தானே இருந்தீங்க? ஐரோப்பா சைனா விஷயத்துல கடைசியில யார் பக்கம் நிக்கும்? எங்க டீம் ஃபுல்லா அதத்தான் டிஸ்கஸ் பண்ணிட்டு இருக்கு."

கையில் தட்டு, தட்டில் புளியோதரை. ஓடித் தப்பிக்க வழியில்லை. "தம்பி, ஐரோப்பா என்ன செய்யும் என்று நான் ஒருமுறை பதினொரு பக்கம் எழுதினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தப்பு" என்றேன். அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். "எழுதிக் குடுங்க அங்கிள், கோயில் ஆண்டு மலர்ல போடலாம்" என்றார்கள். அடக்கம் இல்லை என்பதைத் தெளிவுபடுத்தவே இதை எழுதுகிறேன்.

கற்றுக்கொண்ட காலத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. கரூரில் பி.காம். முடித்துவிட்டு, படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் நான்கு வருடம் கப்பல் காகிதங்கள் எழுதினேன். பிறகு டெக்சஸில் எம்.பி.ஏ. அங்கே பஸ்ஸே ஓடாத பேர்லேண்டில் ஒரு நண்பர் வீட்டு மாடி அறையில் கார் இல்லாமல் இரண்டு வருடம் இருந்தேன். இதைச் சொன்னால் பேர்லேண்டில் இருப்பவர்கள் யாரும் நம்புவதில்லை. 1992இல் கலிஃபோர்னியாவில், பிளசன்டனில் வேலை கிடைத்தது. முத்துசாமியாகப் போன நான் முதல் வாரமே சாம் ஆகிவிட்டேன்.

எங்கள் கம்பெனி செய்தது அதிர்வு மேஜை. மாவரைக்கும் கிரைண்டரைப் பத்து மடங்கு பெரிதாக்கி, கல் இருக்கும் இடத்தில் தட்டையான இரும்புத் தளம் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். எதையாவது அதன்மேல் வைத்து முடுக்கினால் போட்டு உலுக்கும். லாரிப் பயணத்தை டிவிப் பெட்டி தாங்குமா என்று அதில் பார்க்கலாம். ஏவுகணையின் மூக்கு தாங்குமா என்றும் பார்க்கலாம். இந்த இரண்டாவது உபயோகத்தால்தான் எனக்குச் சம்பளம். வெளிநாட்டுக்கு ஒரு பெரிய மேஜை அனுப்ப வேண்டுமானால் வாஷிங்டனில் இருக்கும் உரிம அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அந்த விண்ணப்பங்களை எழுதுவது என் வேலை.

என் மேலதிகாரி ஹேரியட் என்ற அம்மையார். ஐம்பத்தைந்து வயது, ஒல்லி, காதில் எப்போதும் ஒரு மஞ்சள் பென்சில். நான் எழுதிய விண்ணப்பத்தை அவர் மேஜையில் வைத்துப் படிக்க மாட்டார். எழுந்து நின்று, ஜன்னல் பக்கம் திரும்பி, முதல் எழுத்திலிருந்து சத்தமாக வாசிப்பார். எங்கே மூச்சு தட்டுகிறதோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. "இங்க ஏதோ பொய் இருக்கு. கண்டுபிடி" என்பார். பொய் என்று அவர் சொல்வது பெரும்பாலும் நான் அழகுக்குச் சேர்த்த ஒரு அடைமொழியாக இருக்கும். 'மதிப்புக்குரிய பல்கலைக்கழகம்' என்று எழுதியிருந்தால், யார் மதிக்கிறார்கள், அதற்குக் கடிதம் இருக்கிறதா என்று கேட்பார். வாசித்து முடித்ததும் மூன்று கேள்விகள். யார் பயன்படுத்தப் போகிறார்கள்? எங்கே வைக்கப் போகிறார்கள்? இதை வைத்து வேறு என்ன செய்யலாம்? மூன்றுக்கும் ஒரே மூச்சில் பதில் வந்தால்தான் கையெழுத்து. வெள்ளிக்கிழமை எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். வெள்ளிக்கிழமை மனிதர்கள் எல்லாவற்றையும் நம்பிவிடுவார்கள் என்பது அவர் கட்சி.

இனி அந்தப் பதினொரு பக்கத்துக்கு வருகிறேன். அப்போதெல்லாம் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் ஜப்பானும் சேர்ந்து பாரிஸில் ஒரு குழு வைத்திருந்தன. கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று அந்தக் குழுதான் முடிவு செய்யும். ஒரு நாடு வேண்டாம் என்றால் யாருமே விற்க முடியாது. சோவியத் யூனியன் இல்லாமல் போன பிறகு, 1994இல் அதைக் கலைத்துவிட்டார்கள். இனி ஒவ்வொரு நாடும் தன் இஷ்டம். இதனால் நம் சீன வியாபாரம் என்ன ஆகும் என்று எங்கள் முதலாளிகள் கேட்டார்கள். ஹேரியட் அம்மையார் அதை என்னிடம் தள்ளினார். நான் மூன்று வாரம் நூலகத்தில் உட்கார்ந்து 'ஐரோப்பா என்ன செய்யும்' என்று பதினொரு பக்கம் எழுதினேன்.

என் வாதம் இதுதான். 1989இல் பெய்ஜிங்கின் தியனன்மென் சதுக்கத்தில் மாணவர்களைச் சுட்ட சம்பவத்துக்குப் பிறகு ஐரோப்பியர்கள் சீனாவுக்கு ஆயுதம் விற்பதை நிறுத்தினார்கள். பொதுவான வெளியுறவுக் கொள்கை வேண்டும் என்று இப்போதுதான் ஒப்பந்தமும் போட்டிருக்கிறார்கள். ஆகவே சீனா விஷயத்தில் இனி அவர்கள் ஒரே குரலில் பேசுவார்கள், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு விற்க மாட்டார்கள். ஹேரியட் அம்மையார் பதினொரு பக்கத்தையும் நின்றபடியே வாசித்தார். ஒரு கோடுகூட விழவில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை.

"மூச்சு எங்கயும் தட்டல சாம்" என்றார். "முட்டாள்தனத்துக்குத் தட்டாது போலிருக்கு."

ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஷாங்காயிலிருந்து ஒரு வாடிக்கையாளரின் ஃபேக்ஸ் வந்தது. ஜெர்மன் கம்பெனி ஒன்று இதே மாதிரி மேஜையை ஆறு வாரத்தில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டதாம். நீங்கள் ஆறு மாதமாகக் கேள்விதான் கேட்கிறீர்கள், உங்கள் கேள்விகளுக்கு நன்றி என்று முடித்திருந்தார்கள். அதன் பிறகு நான் செய்தித்தாளைப் பார்க்கும்போதெல்லாம் யாராவது ஒரு ஐரோப்பியத் தலைவர் பெய்ஜிங்கில் விமானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருப்பார். மனித உரிமை பற்றி ஒரு பத்தி பேசுவார். அவருக்குப் பின்னால் விமானத்திலிருந்து வியாபாரிகள் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். ஒரே குரலில் பேசுவார்கள் என்று நான் எழுதியதில் மட்டும் தப்பில்லை. எல்லோரும் ஒரே குரலில்தான் கேட்டார்கள், எத்தனை வேண்டும் என்று.

இவ்வளவு தப்பாகக் கணித்தவனை வேறு எந்த ஊரிலும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். எங்கள் கம்பெனி என்னை ஐரோப்பா நிபுணர் ஆக்கியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐரோப்பா சீனாவுக்கு எதையெல்லாம் விற்கிறது என்று நான் அறிக்கை எழுத வேண்டும். 'அவர்கள் விற்கிறார்கள், ஆகவே எங்களுக்கும் அனுமதி கொடுங்கள்' என்று வாஷிங்டனிடம் வாதாட அது உதவும். நான் பார்த்த ஐரோப்பா, ஊருக்குப் போகும் வழியில் ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் காத்திருந்த ஒன்பது மணி நேரம் மட்டும்தான். விசா இல்லாததால் வெளியே விடவில்லை. உள்ளேயிருந்து அந்த ஜெர்மன் கம்பெனிக்கு ஃபோன் போட்டு, ஒரு கேட்டலாக் அனுப்பச் சொன்னேன். எந்த நாட்டிலிருந்து பேசுகிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டார். கொஞ்சமும் யோசிக்காமல் அமெரிக்கா என்றேன். பக்கத்தில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்த என் மனைவி வளர்மதி நிமிர்ந்து பார்த்துவிட்டு, குழந்தைக்குத் தயிர் சாதம் ஊட்டுவதைத் தொடர்ந்தாள்.

அந்த வருடங்களில்தான் பட்டியல் வேலையும் என்னிடம் வந்தது. 1994இல் வந்த புது விதிப்படி ஏற்றுமதி என்றால் கப்பலில் ஏற்றுவது மட்டும் இல்லை. பெரிய மேஜையின் வரைபடத்தை, பிளசன்டனிலேயே நம் பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஒரு சீனருக்குக் காட்டினாலும் அது சீனாவுக்கு ஏற்றுமதி செய்ததற்குச் சமம். அதற்கும் உரிமம் வேண்டும். அமெரிக்கக் குடிமகனாக இருந்தாலோ, கிரீன் கார்டு வந்திருந்தாலோ வேண்டாம். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கம்பெனியில் இருக்கும் வெளிநாட்டவர் யார் யார் என்று நான் பட்டியல் எடுக்க வேண்டும். கையில் காகிதம் செருகிய அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேஜையாகப் போவேன். பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். அவர்கள் தங்கள் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். நான் இந்த வேலையை ரசித்துச் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கரூரில் எங்கள் வீதிக்கு வரும் ரேஷன் அட்டை ஆய்வாளர் நடக்கிற நடையில் நடப்பேன்.

பட்டியலில் பின்னால் தவறாமல் வந்த பெயர் லியூ. வூஹான்காரர். டெக்சஸில் பிஹெச்.டி. முடித்து, 1996இல் எங்களிடம் சேர்ந்தார். முதலில் சின்ன மேஜைகளை வடிவமைத்தார். அவற்றுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் சின்ன மேஜை வியாபாரத்தில் ஐரோப்பியர்களிடம் தோற்று அந்தப் பிரிவையே மூடிவிட்டோம். பெரிய மேஜைக்கு லியூ வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். அவருக்கு உரிமம் கேட்டு 1997 கடைசியில் விண்ணப்பம் போட்டோம். அது வரும்வரை அவர் எந்த வரைபடத்தையும் பார்க்கக் கூடாது. சாப்பாட்டு அறைக்கு வெளியே சுவரைப் பார்த்த மாதிரி அவருக்கு ஒரு மேஜை போட்டேன். கழுத்தில் மஞ்சள் அடையாள அட்டை மாட்டினேன். அவருடைய கம்ப்யூட்டரிலிருந்து கோப்புகளை நானே நின்று அழிக்க வைத்தேன். "மன்னிக்கணும் லியூ, ரூல்" என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்கிறவன் குரலா அது என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

லியூவின் கிரீன் கார்டு விண்ணப்பமும் எங்கள் கம்பெனி வழியாகத்தான் போயிருந்தது. உரிமம் வராவிட்டால் வேலை இல்லை. வேலை போனால் விசா போகும், கிரீன் கார்டு வரிசையும் போகும். அவர் மகள் லிலியும் என் மகள் நிலாவும் ஒரே கிண்டர்கார்டன், ஒரே டேகேர். வாரத்தில் இரண்டு நாள் லிலி எங்கள் வீட்டில்தான் இருப்பாள். வளர்மதி செய்யும் ரசத்தைக் கப்பில் ஊற்றிக் குடிப்பாள். லியூவின் மனைவி மாலையில் வந்து, ஒரு டப்பா நிறைய பன்றி இறைச்சி இல்லாத டம்ப்ளிங் என்ற சீனக் கொழுக்கட்டை கொடுத்துவிட்டு லிலியைக் கூட்டிப்போவார்.

உரிம விண்ணப்பத்தோடு ஒரு பாதுகாப்புத் திட்டமும் அனுப்பியிருந்தோம். அதை எழுதியவன் நான். அதில் ஒரு வாக்கியம்: 'உரிமம் இல்லாத எந்த வெளிநாட்டவரும் இந்த வரைபடங்களைப் பார்த்ததில்லை என்று உறுதி கூறுகிறோம்.' நானும் ஹேரியட் அம்மையாரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். 1998 மே மாத ஆரம்பத்தில் வாஷிங்டனிலிருந்து நல்ல செய்தி. இன்னும் நாலு வாரத்தில் லியூவுக்கு உரிமம் வந்துவிடும் என்றார்கள்.

அடுத்த வாரம் இந்தியா பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடத்தியது. அன்றைக்கு எங்கள் வீட்டு ஃபோன் ஓயவில்லை. அக்கம்பக்கத்துத் தமிழர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு ராணுவ நிபுணர் ஆகிவிட்டார்கள். நான் வளர்மதியை மைசூர்பாகு கிண்டச் சொன்னேன்.

"ஏனுங்க, இதப் போயி ஆபீசுல குடுப்பாங்களா? குண்டு வெடிச்சதுக்கு?"

"அவங்க என்ன நினைக்கப் போறாங்க? நம்மள எல்லாம் வேறயா பாக்க மாட்டாங்க. நான் என்ன சைனாக்காரனா?"

இந்த உலகத்தில் ஏவுகணைச் சோதனைக் கருவிகளுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு பார்க்கிற வேலையில் இருந்துகொண்டு, தன் நாட்டு அணுகுண்டுக்காக அலுவலகத்தில் மைசூர்பாகு கொடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தொழிற்கூடம், கணக்குப் பிரிவு, வரவேற்பறை என்று எல்லா இடத்துக்கும் டப்பாவோடு போனேன். கடைசியாக ஹேரியட் அம்மையார். ஒரு துண்டு எடுத்து முழுவதும் சாப்பிட்டார். காகிதத்தில் விரலைத் துடைத்தார்.

"நல்லா இருக்கு. எதுக்கு?"

"எங்க நாடு நேத்து அணுகுண்டு சோதனை பண்ணியிருக்கு."

"எங்க நாடா?"

"ஆமா, இந்தியா."

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். எடுத்தவர் எதிலும் கோடு போடவில்லை. "சாம், நீ இன்னும் இந்தியக் குடிமகன்தானா?" என்றார். ஆமாம் என்றேன். கிரீன் கார்டு? இந்த வருடக் கடைசியில் வரும் என்றேன். "உன்னோட பட்டியல் எல்லாத்தையும் கொண்டு வா" என்றார்.

நான் நடந்து போய்க் கோப்பை எடுத்து வருவதற்குள் எனக்கும் புரிந்துவிட்டது. நான்கு வருடம், பதினாறு பட்டியல். லியூ இருந்தார், ஒரு ரஷ்யர் இருந்தார், இரண்டு மாதம் மட்டும் இருந்த ஒரு பிரேசில் மாணவர்கூட இருந்தார். என் பெயரும் எல்லாவற்றிலும் இருந்தது, அடியில், தயாரித்தவர் என்ற இடத்தில். வெளிநாட்டவர் என்ற வரிசையில் என்னைச் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை. மறைக்கவில்லை. மறைப்பதற்குக்கூட முதலில் அது தெரிந்திருக்க வேண்டும். பெரிய மேஜையின் வரைபடம் ஒவ்வொன்றையும் நான் பார்த்திருக்கிறேன், விண்ணப்பம் எழுத வேண்டுமே. நிபுணரின் மொழியில் சொன்னால், நான்கு வருடமாக ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு நான் இந்தியாவுக்குச் சட்டவிரோதமாக ஏற்றுமதி செய்துகொண்டிருந்தேன்.

ஹேரியட் அம்மையார் எழுந்து நின்றார். ஜன்னல் பக்கம் திரும்பி, பாதுகாப்புத் திட்டத்தின் அந்த வாக்கியத்தை வாசித்தார். பாதியில் நிறுத்தி உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து யோசித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"தப்பு நடந்தா நாமளா முன்வந்து எழுதித் தெரிவிக்கலாம், தண்டனை குறையும். கட்டாயம் கிடையாது. ஆனா இப்ப தெரிவிச்சா லியூவோட ஃபைல் திரும்பி வரும். இந்தப் பட்டியல் உன்னோடது. நீ எழுதிக்கிட்டு வந்தா நான் கையெழுத்துப் போடுறேன். வரலன்னா, நான் இந்த இனிப்பச் சாப்பிடல, எனக்கு எதுவும் தெரியாது. திங்கட்கிழமை வரைக்கும் டைம்."

அதுவரை நானும் வரைபடம் பார்க்கக் கூடாது. எனக்கும் ஒரு மஞ்சள் அட்டை. என் மேஜையை லியூவின் மேஜைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துப் போட்டார்கள். தொழிற்கூடத்துக்குள் நான் காலை வைத்தால், என் மைசூர்பாகைச் சாப்பிட்ட அதே ஆட்கள் "இந்தியா வருது!" என்று கத்திக்கொண்டு அதிர்வு மேஜைமேல் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். தன் கம்பெனி என்ன செய்கிறது என்று பார்க்க உரிமை இல்லாத உரிம அதிகாரி ஆனேன்.

நான்காவது நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டே, சுவரைப் பார்த்தபடி லியூ பேசினார்.

"நான் கையெழுத்துப் போட்ட முதல் பட்டியல்லயே பாத்தேன். உங்க பேர் இல்ல. உங்களுக்குக் கிரீன் கார்டு வந்திருக்கும்னு நெனச்சேன். ரெண்டாவது தடவைக்குள்ள, அதுக்கு நீங்களும் காத்திருக்கீங்கன்னு தெரிஞ்சுது."

"ஏன் சொல்லல லியூ?"

"என்னோட விண்ணப்பத்த எழுதுறவர் நீங்க."

இரண்டு வருடமாக இந்த மனிதர் என் அட்டையில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் என்னைப் பார்த்துப் புன்னகை செய்வார். நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர் என்று நினைத்துக்கொள்வேன். என்னிடம் பயம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"சாம், எழுத வேண்டாம்னு நான் சொல்லல" என்றார். "நாலு வாரம். உரிமம் கைக்கு வந்ததுக்கப்புறம் எழுதுங்க. நாலு வாரம் மட்டும்."

வீட்டில் வளர்மதியிடம் சொன்னேன். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"அவரு நாலு வாரந்தானுங்களே கேக்கறாரு? குடுங்க."

"உனக்குப் புரியல. இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சே மறைச்சேன்னு நாளைக்கு என்னோட கிரீன் கார்டு இன்டர்வியூவுல வந்தா? நம்ம மூணு பேரும் பெட்டியக் கட்ட வேண்டியதுதான்."

"அவங்களும் மூணு பேருங்க."

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். நான்கு பக்கம். அடைமொழி ஒன்றுகூட இல்லை. பல வருடம் இதை நேர்மை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் இதை உதாரணமாகக்கூடச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் தலையாட்டிக் குறிப்பும் எடுத்தார்கள். நேர்மை இல்லை, பயம். நான்கு வாரம் கழித்து எழுதியிருந்தாலும் அதே நான்கு பக்கம்தான். அந்த நான்கு வாரத்தை லியூவுக்குக் கொடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. திங்கட்கிழமை ஹேரியட் அம்மையார் கடிதத்தை நின்று வாசித்தார். எங்கேயும் மூச்சு தட்டவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, லியூவிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றார். வேண்டாம், நான் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கம்பெனிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அவ்வளவுதான். என் பெயர் அதில் ஓர் இடத்தில், அதுவும் எழுத்துப்பிழையோடு இருந்தது. லியூவின் விண்ணப்பம், உறுதிமொழி தவறானது என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மறுபடி போட்டால் இன்னும் எட்டு மாதம் ஆகலாம் என்றார்கள். சீனாவுக்கு ராக்கெட் ரகசியம் கசிந்துவிட்டது என்ற சர்ச்சையால் அந்த வருடம் சீனா என்ற சொல்லைக் கேட்டாலே வாஷிங்டனில் எல்லோருக்கும் வியர்த்தது. சுவரைப் பார்க்க ஒருவருக்கு இன்னும் எட்டு மாதம் சம்பளம் கொடுக்க எங்கள் முதலாளிகள் தயாராக இல்லை. இதே துறையில் மற்ற கம்பெனிகளும் உரிமம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டன. நான் என் பங்குக்கு, "சாஃப்ட்வேர் பக்கம் போங்களேன், ஆள் கிடைக்காம அலையறாங்க" என்று யோசனை சொன்னேன். "நான் மெஷின் செய்யறவன் சாம்" என்றார் லியூ. ஆகஸ்டில் அவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது, நான் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து கேட்டலாக் கேட்ட அதே கம்பெனியில்.

பின்னால் நடந்ததை முன்னால் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோயிலில் கேட்ட பிள்ளைகளுக்குப் பதில் கிடைக்காது. என் கிரீன் கார்டு டிசம்பரில் வந்தது. மஞ்சள் அட்டையைக் கழற்றினேன், தார்ப்பாயும் விலகியது. 2001இல், சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த வருடம், அந்த ஜெர்மன் கம்பெனியின் புதுக் கேட்டலாக் வந்தது. எங்கள் மேஜையைவிட நல்ல மேஜை. வடிவமைப்புத் தலைவர் டாக்டர் லியூ என்று போட்டிருந்தது. சீனாவில் யார் யார் வாங்கியிருக்கிறார்கள் என்ற நீளமான வரிசையும் இருந்தது. லியூ எங்களிடமிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை, அவர் எதையும் பார்க்காதபடி நானே காவல் இருந்தேனே. அவர் தலையில் இருந்ததை மட்டும் எடுத்துப் போனார். 'இதற்குச் சமமான கருவி ஐரோப்பாவில் கிடைக்கிறது' என்று அறிக்கையில் எழுதினேன். அமெரிக்கா சீனாவைத் தடுக்கும், ஐரோப்பா விற்கும் என்று பெரியவர்கள் அப்போது விளக்கம் சொன்னார்கள். அந்த ஒரு மேஜையைப் பொறுத்தவரை நடந்தது இதுதான்: பிளசன்டனில் ஒருவன் தன் கிரீன் கார்டுக்குப் பயந்தான். தம்பிகளே, ஐரோப்பா யார் பக்கம் என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் யார் பக்கம் இருந்தேன் என்பதே எனக்கு நான்கு வருடம் தெரியாமல் இருந்தது.

லியூ குடும்பம் ஜெர்மனிக்குக் கிளம்பிய அன்று அவர்களை சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். லியூ காரை விற்றுவிட்டிருந்தார், எங்கள் வேனில் பெட்டிகளுக்கு நிறைய இடம் இருந்தது. வளர்மதியும் நிலாவும் வந்தார்கள். வழி நெடுக பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளும் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். லியூவின் மனைவி வளர்மதியிடம் மட்டும் பேசினார். லியூ பெட்டிகளை இறக்கிவிட்டு என் கையைக் குலுக்கினார். "மன்னிச்சிடுங்க லியூ" என்றேன். இந்த முறை ரூல் என்று சேர்க்கவில்லை. அவர் தலையை அசைத்தார். மன்னித்தேன் என்றா, இல்லை என்றா என்று எனக்கு விளங்கவில்லை. கதவுக்கு உள்ளே போன லிலி திரும்பி ஓடி வந்து, "சீ யூ மண்டே!" என்று நிலாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பும் வழியில் விரிகுடாப் பாலத்தைத் தாண்டியிருந்தோம். நிலாவுக்கு அப்போது ஐந்து வயது. அப்பாவுக்கு என்ன வேலை என்று டேகேரில் கேட்டால், எக்ஸ்போர்ட் என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தேன். பொருள்களை வேறு தேசத்துக்கு அனுப்புவது என்று அவளுக்கு அர்த்தமும் தெரியும்.

"அப்பா, லிலி மண்டே வருவாளான்னு அம்மாகிட்ட கேட்டேன். ஷீ ஈஸ் நாட் கமிங் பேக்."

"ஆமாண்டா கண்ணு."

"டிட் யூ எக்ஸ்போர்ட் ஹெர்?"

வளர்மதி அவளை அதட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஃப்ரீவேயைப் பார்த்து ஓட்டிக்கொண்டே, ஆமாம் என்றேன். வொய் என்று நிலா அடுத்துக் கேட்டாள். நான் அந்த வருடம் வாஷிங்டனுக்கு எழுதிய நான்கு பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை.